எழுந்து நிற்க முடிகிறதா?

கண்டக்குழிக்குச் சென்ற மாசி மாதம் போயிருந்தேன். கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் நெருக்க, நடுவே மணலும் பனையும் தென்னையுமாகக் கிடக்கும் அந்தச் சிற்றூர் என் தாயாரின் பிறந்த இடம். இன்று அங்கே டொல்பின் பார்க்க வருவோரும், காற்றாடி கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்கும் வெள்ளைக்காரர்களும் அதிகம். கரைவலை இழுத்த இடத்தில் விடுதிகள் எழுந்திருக்கின்றன. அதைப் பற்றிக் குறை சொல்ல நான் வரவில்லை. ஊர் என்றால் மாறத்தான் செய்யும்.

நான் போனது என் மச்சாளைப் பார்க்க. தாய்மாமனின் மகள். என்னைவிட நான்கு வயது மூத்தவர். பேச்சுவாக்கில், 1964ஆம் ஆண்டு இறந்துபோன அவருடைய தந்தையாரைப் பற்றிக் கதை வந்தது. மாமாவுக்குக் கசம். இந்தியத் தமிழர் காசநோய் என்பதை நாங்கள் அந்நாளில் கசம் என்போம். எலும்புருக்கி என்றும் சயம் என்றும் சொல்வதுண்டு. பெயரை உரக்கச் சொல்லமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எனக்கு அப்போது பத்து வயது. அவ்வாண்டு தை மாதம் மாமாவுக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டு, ஊசி போடத் தொடங்கினார்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். இருமல் நின்றது, முகத்தில் தெளிவு வந்தது. சித்திரை பிறந்ததும், தென்மேல் காற்று எழும்புமுன், ஊர் ஆண்கள் வழக்கம்போல் வலைகளைக் கட்டிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கத்து வாடிகளுக்குப் புறப்பட்டார்கள். மாமாவும் போனார். ஊசி நின்றது. ஆனி மாதத் தொடக்கத்தில் இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள்.

பரியாரியார் வந்தார். அவர் செய்ததை நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். நாடி பிடித்தார். மாமாவின் காலை மடியில் தூக்கி வைத்து, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தபின்னும் அந்த இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது. பிறகு மூச்சைக் கவனித்தார். கடைசியாக, எழுந்து நில்லும் பார்ப்போம் என்றார். மாமாவால் முடியவில்லை. வெளியே வந்த பரியாரியார் என் பாட்டியிடம் தணிந்த குரலில், தலவில் அன்னம்மாள் திருநாள் வரைக்கும் போகாது என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லிவைத்தாற்போல், ஆடி மாதத்தில், திருநாள் கொடியேறிய பிறகு, ஆனால் திருநாளுக்கு முன்னர், மாமா இறந்தார். பரியாரியாரின் புகழ் எட்டூருக்குப் பரவிற்று.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் இருந்தவன் நான். மரணத்தை முன்கூட்டிச் சொல்லும் தொழில் எங்களுக்கும் அந்நியமன்று. பெரிய மனிதர் ஒருவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார் என்றால், செய்தி ஆசிரியர் செய்யும் முதல் வேலை, அவரைப் பற்றிய இரங்கல் கட்டுரையை எழுதி அச்சுக் கோத்து வைத்துக்கொள்ளும்படி யாரையாவது பணிப்பதுதான். நானே அப்படி எழுதி வைத்தவர்களுள் இருவர் அதன்பின் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள். ஒருவருடைய கையால் பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆகவே, பரியாரியாரின் கணிப்பை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. அவர் பார்த்த குறிகள் சரியானவை. எவ்வளவு சரியானவை என்பதை, ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து, பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்த ஒரு காரியத்தைப் படித்தபோதுதான் அறிந்தேன். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. கொஞ்சம் சுற்றி வரவேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

கசநோயாளி பிழைப்பாரா, மாட்டாரா என்ற கேள்வி அந்நோயைப் போலவே பழையது. சரக சங்கிதையில் இந்திரியத் தானம் என்றொரு பகுதி உண்டு. பன்னிரண்டு அத்தியாயங்களும் நோயாளியிடத்தே தோன்றும் மரணக் குறிகளைப் பற்றியவை. வைத்தியன் முதலில் அதைக் கற்கவேண்டும். தீராத நோயைத் தொட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அதன் உட்கிடை. நோய்களின் அரசன் என்று பொருள்பட இராசயட்சுமம் எனப் பெயர்பெற்ற நோய் இது. தக்கனின் புதல்வியர் இருபத்தெழுவரை மணந்த சந்திரன் உரோகிணியிடம் மட்டும் மையல்கொண்டதால் சாபம் பெற்றுத் தேய்ந்தான் என்ற கதையும் இந்த நோயைச் சுற்றியே பின்னப்பட்டது. சந்திரனுக்காவது மறுபடி வளரும் பாக்கியம் கிட்டிற்று.

மேனாட்டாரும் இதில் மாறுபட்டவர்களல்லர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் மலையடிவாரங்களில் கசநோய் விடுதிகள் தோன்றின. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவையே மருந்து. டாவோஸில் பணியாற்றிய கார்ல் ரூர்பான் என்ற வைத்தியர், நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை வைத்து நோயை மூன்று நிலைகளாகப் பிரித்தார். அந்தப் பிரிவினை உலகெங்கும் பரவியது. பரவிய விதந்தான் கவனிக்கத்தக்கது. பல விடுதிகள் முதல் நிலையினரை விரும்பிச் சேர்த்தன. மூன்றாம் நிலையினரைக் கூடியவரையில் தவிர்த்தன. குணமாகக்கூடியவர்களைச் சேர்த்தால் குணமானோர் கணக்கு அழகாக இருக்குமல்லவா? நன்கொடை தருவோரும் மகிழ்வார்கள். ஆக, யார் சாவார் என்று கண்டறியும் கலை, அவருக்குக் கதவைச் சாத்தும் கலையாகவே நெடுங்காலம் பயன்பட்டிருக்கிறது. பரியாரியார் கதையும் இதுவேதான், அளவுதான் சிறியது.

கணிப்பு பிழைத்ததும் உண்டு. பிழைத்தவற்றுள் தமிழர் மறக்கமுடியாதது ஒன்று. கணிதமேதை சீனிவாச இராமானுசன் 1917இல் கேம்பிரிட்ஜில் நோயுற்றார். அவரைப் பார்த்தவர்களுள் பலர் கசமென்றே கொண்டார்கள். மென்டிப் குன்றுகளில் சென்னைத் தமிழரான வைத்தியர் சவரி முத்து நடத்திய கசநோய் விடுதியிலும், பின்னர் மற்லொக்கிலும் அவர் தங்கவைக்கப்பட்டார். 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் 32ஆம் வயதில் இறந்தார். 1994இல் டி. ஏ. பி. யங் என்ற ஆங்கில வைத்தியர் பழைய குறிப்புகளையெல்லாம் அலசி, அது கசமே அன்று, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாகவே இருக்கவேண்டும் என்று எழுதினார். கண்டறிந்திருந்தால் அக்காலத்திலேயே மருத்துவம் செய்யக்கூடியதாக இருந்த நோய் அது. முடிவு இன்னதென்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால், மேற்கொண்டு தேடுகின்ற கண் மூடிக்கொள்கிறது.

சவரி முத்து பின்னாளில் தாயகம் வந்து, 1928இல் தாம்பரத்தில் ஒரு விடுதியைத் தொடங்கினார். 1937இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. தாம்பரம் சானடோரியம் என்று இன்றும் ஒரு புகைவண்டி நிலையத்துக்கே பெயர் இருக்கிறதே, அதுதான். எங்கள் நாட்டில் கந்தானையிலும் காங்கேசன்துறையிலும் அத்தகைய விடுதிகள் இருந்தன. யாழ்ப்பாணத்து முதியவர்களிடம் காங்கேசன்துறைச் சானடோரியம் என்றால் இன்றும் குரல் தாழும்.

1948ஆம் ஆண்டை இரட்டை ஆண்டு என்பேன். அவ்வாண்டுதான் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் கசநோயால் இறந்தார். வயது 42. அதே ஆண்டில்தான் பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகம் ஸ்ரெப்ரோமைசின் பற்றிய தன் பரீட்சையின் முடிவை வெளியிட்டது. மருந்து போதிய அளவில் இல்லாததால், யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலுக்கு விட்டார்கள். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர் 4 பேர். படுக்கையும் ஓய்வும் மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். முதன்முறையாக, கசநோயாளியின் தலைவிதியை ஒரு குப்பி மருந்து மாற்றியது எண்களில் தெரிந்தது. ஆனால் கிருமி அந்த ஒற்றை மருந்துக்கு விரைவிலே பழகிக்கொண்டது. ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது இரு சாராருக்கும் இடையிலான வேறுபாடு பெரிதும் சுருங்கிப்போயிருந்தது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால்தான் கிருமி அடங்கும் என்பது பின்னர் தெளிந்தது. என் மாமா பாதியில் விட்டது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். வாடிக்குப் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் குடும்பம் என்னத்தைத் தின்றிருக்கும் என்பதையும் சேர்த்தே ஊகிக்கவேண்டும்.

இனி, சென்னை. 1956இல் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தை நிறுவின. காசநோய் வேதிமருத்துவ நிலையம் என்பது அன்றைய பெயர். இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இராமானுசன் உயிர்விட்ட அதே சேத்துப்பட்டில் அது எழுந்தது தற்செயல்தான். ஆனாலும் அந்தத் தெருக்களில் நடக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

வாலஸ் பொக்ஸ் என்ற ஆங்கிலேயர் முன்னின்று நடத்திய அந்த ஆய்வின் கேள்வி எளியது. நோயாளிகள் ஆயிரமாயிரம், கட்டில்கள் சில நூறு. கட்டிலே இல்லாமல் வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் என்ன? சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் ஓராண்டு விடுதியில். மறு பாதியினர் நெரிசலான தம் வீடுகளிலேயே. இருவர்க்கும் மருந்து ஒன்றே. விடுதிக்காரருக்கு நல்ல உணவும் ஓய்வும் காற்றும் கிடைத்தன. வீட்டுக்காரருக்கு அவை இல்லை. 1959இல் முடிவு வெளியாயிற்று. விடுதியில் நூற்றுக்கு 92 பேரும் வீட்டில் 86 பேரும் நோய் அடங்கப்பெற்றிருந்தார்கள். பெரிய வேறுபாடில்லை. வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

உலக மருத்துவ வரலாற்றில் சென்னை என்ற பெயரைப் பொறித்த ஆய்வு இது. அடுத்த இருபதாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கசநோய் விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சில உல்லாச விடுதிகளாயின. கோடிக்கணக்கானோர் வீட்டிலிருந்தே குணமடைந்தனர். இதைக் குறைத்துப் பேசுபவன் நன்றி கெட்டவன்.

ஆனால் ஒரு பெரிய ஆய்வு சொன்னதற்கும், அது சொன்னதாக உலகம் எடுத்துக்கொண்டதற்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. நல்ல உணவு இல்லாமலே மருந்து நோயை அடக்குகிறது என்று சென்னை ஆய்வு காட்டிற்று. உணவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று அதிகாரிகள் படித்துக்கொண்டார்கள். பெரும்பாலோருக்குக் கட்டில் தேவையில்லை என்று அது காட்டிற்று. எவருக்குமே தேவையில்லை என்று கணக்கெழுதுவோர் படித்துக்கொண்டார்கள். கட்டிலுக்குச் செலவாகும், குளிசைக்கு அவ்வளவு ஆகாது. பத்திரிகைக்காரன் புத்தி, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

விளைவு என்னவென்றால், நடக்கவே முடியாத நிலையில் வரும் நோயாளியும், சைக்கிள் மிதித்து வரும் நோயாளியும் ஒரே வரிசையில் நின்று, ஒரே மருந்துப் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கசநோய்க்கு நல்ல மருந்து இருந்தும் 2023ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 12½ இலட்சம் பேர் அதனால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேல். சிகிச்சை தொடங்கியபின் இறப்போரில் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். மருந்து வேலை செய்வதற்கு அவர்களிடம் அவகாசமே இல்லை.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு மறுபடியும் வரலாற்றுக்குள் வருகிறது. 2022 ஏப்ரலில், சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் துணையுடன் மாநில அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று பெயர். சென்னை தவிர்ந்த ஏனைய மாவட்டங்களில், அரசு வைத்தியசாலைகளில் நோய் கண்டறியப்படும் ஒவ்வொருவரிடமும், கண்டறியப்பட்டவுடனேயே, சில விஷயங்களைப் பார்த்துக் குறிக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

என்னென்ன விஷயங்கள் என்று படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். முதலாவது, உயரத்துக்கேற்ற எடை. இரண்டாவது, காலில் வீக்கம் இருக்கிறதா, அழுத்தினால் பள்ளம் விழுகிறதா. மூன்றாவது, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. நான்காவது, விரலில் மாட்டும் சிறு கருவியில் இரத்தத்து ஒட்சிசன் எவ்வளவு. ஐந்தாவது, பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா.

ஒட்சிசன் கருவியையும் நிறுவையையும் நீக்கிவிட்டுப் பாருங்கள். எங்கள் வாசற்படியில் நின்று 1964இல் நான் கண்டது எதுவோ அதுதான்.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் நோயாளி கடும் ஆபத்தில் இருக்கிறார். கால் வீங்கியிருந்தால் 16 வரையிலும் ஆபத்துத்தான், ஏனெனில் வீக்கத்தின் நீரும் எடையில் சேர்ந்து ஏமாற்றும். மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினால், ஒட்சிசன் 94 விழுக்காட்டுக்குக் குறைந்தால், துணையின்றி நிற்க முடியாவிட்டால், இவற்றுள் ஏதேனும் ஒன்றிருந்தாலும் போதும், அவரை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்தியசாலையில் சேர்க்கவேண்டும். வைத்தியர்தான் இதைப் பார்க்கவேண்டும் என்பதில்லை. சுகாதார ஊழியர் எவரும் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஒட்சிசன் கருவி சிற்றூர் நிலையங்கள் வரை வந்து சேர்ந்ததற்குக் கொவிட் பெருந்தொற்று காரணம். அந்தக் கொடிய காலம் விட்டுச்சென்ற சில நல்ல பொருள்களில் அது ஒன்று.

மருத்துவ உலகில் இதைவிடச் சிக்கலான கணிப்புகள் இல்லாமல் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1985 முதல் அபாச்சி என்ற மதிப்பெண் முறை வழங்குகிறது. இரத்தத்தின் உப்புகள், இதயத் துடிப்பு, வெப்பம், அமிலத்தன்மை என்று பன்னிரண்டு அளவுகளை எடுத்து, வயதையும் பழைய நோய்களையும் கூட்டி, இறக்கும் வாய்ப்பைச் சொல்வது. அது பணமும் ஆய்வுகூடமும் உள்ள இடத்துக்குப் பொருத்தம். அதிலும், அந்நிலைக்குப் போய்ச் சேர்ந்த கசநோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைப்பதில்லை என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் சொல்கிறார்கள். செயற்கைச் சுவாசம் பூட்டிய பிறகு கணித்து என்ன பயன்? நோயைக் கண்டறிந்த அன்றே, மேசைக்கு அப்பால் நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே தெரியவேண்டும். தமிழ்நாட்டுப் பட்டியலின் பெருமை அதன் எளிமையில் இருக்கிறது.

2025இல் இன்னொரு படி மேலே போனார்கள். 2022 யூலை முதல் 2023 யூன் வரை நோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 56,000 பேரின் விபரங்களைக் கொண்டு ஒரு கணக்கு முறையை உருவாக்கி, ஊழியர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த இணையச் செயலியில் சேர்த்தார்கள். குறிப்புகளை உள்ளிட்டவுடன், இந்த நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இவ்வளவு என்று திரை சொல்லும். ஆபத்தில்லாதவர்களுக்கு அது 1 முதல் 4 வரை. ஆபத்தானவர் என்று குறிக்கப்பட்டவர்களுக்கு 10 முதல் 50 வரை. ஏன் இந்த எண் தேவைப்பட்டது என்பதற்கு அவர்கள் சொன்ன காரணம் சுவையானது. ஆபத்தானவர் என்று தெரிந்தபின்னும் அவரைக் கட்டிலில் சேர்க்கத் தாமதமாகிறது. பெரும்பாலோர் ஓரிரு நாளில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் கால்வாசிப் பேருக்கு ஆறு நாள் வரை ஆகிறது. ஆபத்து என்ற சொல் பழகிப்போய்விட்டது. நூற்றுக்கு நாற்பது என்ற எண் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. களத்தில் நிற்பவர் உடனே வண்டியை அழைக்கிறார்.

கட்டிலில் சேர்த்து என்ன செய்கிறார்கள்? ஒட்சிசன் தருகிறார்கள், உடனிருக்கும் நீரிழிவு முதலியவற்றைக் கவனிக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக உணவு தருகிறார்கள். பட்டினியில் வற்றிய உடலுக்குத் திடீரென்று விருந்து படைத்தால் அதுவே கொன்றுவிடும் என்பதால், அளந்து, படிப்படியாக. உணவின் பங்கு எவ்வளவு என்பதையும் 2023இல் வெளியான இன்னோர் இந்திய ஆய்வு காட்டியிருக்கிறது. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்மா, எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை நூற்றுக்கு 5 பங்கு கூடியவர்களிடம் இறக்கும் வாய்ப்பு 61 விழுக்காடு குறைந்திருந்தது. 40 கிலோ எடையுள்ளவருக்கு 5 பங்கு என்பது இரண்டே கிலோ.

ஆக, 1959இல் கட்டில் வேண்டாம் என்று உலகுக்குச் சொன்ன அதே நகரத்திலிருந்து, 2022இல், பத்துப் பேரில் ஒருவருக்காவது கட்டில் வேண்டும் என்ற குரல் எழுந்திருக்கிறது. ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை. முதலாவது பலரை வீட்டுக்கு அனுப்பியது. இரண்டாவது, அனுப்பக்கூடாத சிலரைத் தேடிப்பிடிக்கிறது. திட்டம் தொடங்கியபின் மாவட்டங்கள் பலவற்றில் இறப்புகள் குறைந்துள்ளதாக அறிக்கைகள் சொல்கின்றன. முற்றாக ஒழிந்துவிடவில்லை. கூலிக்காரக் குடும்பத்தில் ஒருவர் வைத்தியசாலையில் படுத்தால் துணைக்கு ஒருவர் இருக்கவேண்டும், அவருடைய கூலியும் போகும். மது, நீரிழிவு, தனிமை இவையெல்லாம் ஐந்து கேள்விக்குள் அடங்குவதும் இல்லை.

இந்த எண்கள் நாளைக்கு எதிர்த்திசையிலும் திரும்பலாம் என்ற பயம் எனக்கு இருக்கிறது. கட்டில் குறைவான இடத்தில், நூற்றுக்கு ஐம்பது என்று திரை காட்டும் நோயாளியைப் பார்த்து, இவருக்கு எதற்கு வீணாக என்று ஒருவர் நினைத்தால்? டாவோஸ் காலத்து விடுதிகள் செய்தது அதுதானே. தமிழ்நாட்டில் இந்த எண் கதவைத் திறக்கும் சாவியாக வைக்கப்பட்டிருக்கிறது. சாவி என்பது பூட்டவும் உதவும்.

எங்கள் நாட்டு நிலைமை வேறு. இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 14,000 பேர் நோயுறுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பதிவாகிறவர்கள் எட்டாயிரம் ஒன்பதாயிரம் பேர். எஞ்சியோர் எங்கோ இருமிக்கொண்டிருக்கிறார்கள். வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் கிடுகுக் கொட்டில்களில் நெருக்கியடித்து வாழ்ந்த காலத்தில் செய்தி சேகரிக்க நான் அங்கே அடிக்கடி போயிருக்கிறேன். இரவில் கொட்டில் கொட்டிலாகக் கேட்ட இருமல் இன்னும் காதில் இருக்கிறது. அப்போது அதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதுவதற்கு அதைவிடப் பெரிய விஷயங்கள் இருந்தன என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சாளிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்பாவை நிறுத்துப் பார்த்தோமே என்றார். எனக்கு அது தெரியாது. வாடியிலிருந்து கொண்டுவந்துவிட்ட மறுநாள், கருவாடு நிறுக்கும் பெரிய தராசில் மாமாவை விளையாட்டுப்போல ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அவரே கேட்டாராம். 84 இறாத்தல். என் தந்தையாரும் மாமாவும் ஒரே உயரம், ஐந்தடி ஆறங்குலம். கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டேன். 13.6 வந்தது. காலில் வீக்கம். நிற்க முடியவில்லை. மூச்சைப் பரியாரியார் எண்ணினாரே தவிர, எத்தனை என்று சொல்லவில்லை.

புத்தளத்துக்கு மாட்டுவண்டியும் பஸ்ஸுமாக அரைநாள் பயணம். அங்கே ஆஸ்பத்திரி இருந்தது, காசும் கேட்கமாட்டார்கள். ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டேன். அதுதான் சொல்லிவிட்டாரே என்றார் மச்சாள். திருநாள் வரை போகாது என்று சொன்னபின் எவர் கொண்டுபோவார்? பரியாரியார் வந்துபோனதிலிருந்து மாமா நாற்பத்தொரு நாள் உயிரோடிருந்தார். தை மாதத்தில் ஊசி போட்ட டொக்டர், தினமும் இரண்டு முட்டையும் பாலும் கொடுக்கச் சொல்லியிருந்தார். அதற்காகவே பாட்டி ஆறு கோழிகள் வாங்கி வளர்த்தார். பரியாரியார் சொன்ன அன்றிலிருந்து மாமாவுக்குக் கஞ்சி மட்டும் என்று ஆயிற்று. சாகப்போகிற உடம்பைக் கனக்கவிடக்கூடாது என்று பாட்டி சொன்னதாக மச்சாளுக்கு நினைவு.

கோழிகள் நிற்கவில்லையே, முட்டையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

மச்சாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பிள்ளைகளுக்குப் பொரிச்சுத் தந்தாங்க. நீங்களும்தானே சாப்பிட்டீங்க, மச்சான்."

அந்த ஆடி மாதத்துப் பள்ளி விடுமுறை முழுவதும் கண்டக்குழியில் காலைச் சாப்பாட்டோடு முட்டைப் பொரியல் கிடைத்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.